தங்கச்செல்வி வாங்கிய இரண்டு ஞானஸ்நானம்

திருச்சுழிப் பக்கத்தில் ஊழியம் செய்கிற பாஸ்டர்களுக்கு ஆள் சேர்ப்பதைவிடத் தண்ணீர் கிடைப்பது பெரிய பாடு. தலையில் தெளித்தால் செல்லாது, ஆள் முழுசாக முங்கி எழ வேண்டும் என்கிற சபைகள் அவை. முங்க வேண்டுமென்றால் கண்மாயில் இடுப்பளவாவது நிற்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றிவிட்டால் ஞானஸ்நானத்துக்குப் பேர் கொடுத்தவர்கள் அடுத்த வருஷம் வரைக்கும் காத்துக் கிடப்பார்கள். தங்கச்செல்வி அப்படி இரண்டு வருஷம் காத்துக் கிடந்தவள்.

மூன்றாம் வருஷம் மழை பெய்தது. நரிக்குடிப் பக்கம் ஒரு கண்மாய் நிறைந்து கிடக்கிறது என்று தகவல் வந்ததும் பாஸ்டர் ஐயாத்துரை ஒரு மினி லாரியைப் பேசினார். பாளையம்பட்டியில் தகரக் கொட்டகை போட்டு நடந்த அவருடைய சபையிலிருந்து பதினோரு பேர் ஏறினார்கள். தங்கச்செல்வியோடு அவள் மகன் உதயகுமாரும் ஏறினான். ஒரே பிள்ளை. அப்போது அவனுக்குப் பதினாறு வயது.

"ஏம்மா, ஒரு முங்கு முங்குறதுக்கு இம்புட்டுத் தூரமா? நம்ம தெருக் கொழாயடியில உக்காத்தி ஊத்தக் கூடாதாக்கும்?" என்று வழி நெடுகச் சிரித்தான். லாரியில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பாஸ்டரும் சிரித்தார்.

சேறும் பாசியுமாக இருந்தது தண்ணீர். பாஸ்டர் ஒரு கையால் முதுகைத் தாங்கி, மறு கையால் மூக்கைப் பிடித்து, "இயேசு கிறிஸ்துவின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொல்லிச் சாய்த்தார். முதலில் தங்கச்செல்வி, அடுத்து உதயகுமார். அந்த வார்த்தைகளை ஓர் எழுத்துப் பிசகாமல் இன்றைக்கும் அவளால் சொல்ல முடியும். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். காதில் விழுந்ததையெல்லாம் அப்படியே பிடித்து வைத்துக்கொள்வது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

அவள் சபைக்குப் போக ஆரம்பித்தது மகனால்தான். ஒன்பது வயதில் அவனுக்கு மஞ்சள்காமாலை வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாகி, வைத்த கஞ்சியெல்லாம் வாந்தியாகப் போனது. ஆஸ்பத்திரியில் கிடந்த பதினெட்டு நாளும் பாஸ்டர் ஐயாத்துரை சைக்கிளில் வந்து தலைமாட்டில் முழங்காலில் நின்றார். பிள்ளை பிழைத்தான். அதற்குப் பிறகு தங்கச்செல்வி காதில் மூக்கில் கிடந்ததைக் கழற்றினாள். பூ வைப்பதை விட்டாள். அவள் வீட்டுக்காரர் செல்லப்பாண்டி மட்டும் அசையவில்லை. அவர் ஆடு மேய்க்கிறவர். "எனக்கு எங்க கருப்பன் போதும். நீ போறதுன்னா போ. நான் தடுக்கல. ஆட்டுக்கிடாயை மட்டும் காணிக்கைன்னு ஓட்டிட்டுப் போயிராத" என்று சொல்லிவிட்டார்.

உதயகுமார் பெரியவனாகி நூல் லோடு ஏற்றுகிற வண்டிக்கு டிரைவரானான். சபைக்கு வருவது குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை தூங்கினான். சாயங்காலம் குடித்தான். தாய்க்குத் தெரியக்கூடாது என்று வெற்றிலை போட்டுக்கொண்டு வருவான். அவளுக்குத் தெரியும். இருபத்து மூன்றாவது வயதில், பட்டப்பகலில், பந்தல்குடி ரோட்டில், நின்றிருந்த லாரியின் பின்னால் பைக்கோடு போய் மோதினான். குடித்திருந்தான் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்தது.

அடக்கத்துக்குப் பாஸ்டர் வந்தார். பத்து நிமிஷம் ஜெபித்தார். ஜெபம் முழுக்க இருக்கிறவர்களுக்காக இருந்தது. குடும்பத்துக்கு ஆறுதல், வந்தவர்களுக்கு மனந்திரும்புதல். அவன் பேரை எடுத்து ஒரு வார்த்தை கேட்பார் என்று தங்கச்செல்வி கடைசி ஆமென் வரைக்கும் காத்திருந்தாள். கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு பாஸ்டரின் பிரசங்கத்தில் அவன் பேச்சு வந்தது. "நம்ம கண்ணு முன்னால வளர்ந்த பையன். கர்த்தர் எத்தனை தடவை எச்சரிச்சார்? ஆயத்தமில்லாம போயிட்டானே! வாலிபப் பிள்ளைகளே, யோசிங்க." தங்கச்செல்வி முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னாலிருந்து அல்லேலூயா என்றார்கள்.

கூட்டம் கலைந்ததும் அவரிடம் போனாள். "ஐயா, அவனுக்காக ஒரு ஜெபம் பண்ணுங்கய்யா."

"சிஸ்டர், உங்க மனசு எனக்குப் புரியுது. தண்ணியில இருந்து என் கையில தூக்குன பிள்ளை. ஆனா செத்தவங்களுக்காக ஜெபிக்க வேதத்துல எடமில்லம்மா. கதவு அடைச்சாச்சு. நீங்க உங்க ரட்சிப்பைக் காத்துக்கங்க."

அவர் கண் கலங்கித்தான் இருந்தது. கெட்ட மனுஷரில்லை. கொரோனா நேரத்தில் வீடு வீடாக அரிசி சுமந்தவர். அதனால்தான் அவள் அவரிடம் சண்டை போடவில்லை. அவர் சொன்னது பொய்யாக இருக்காது என்றும் நம்பினாள். நம்பினதுதான் அவளைத் தின்றது. மூன்று மாதம் ராத்திரியும் பகலும் அடைத்த கதவையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் வேலை பார்த்த நூல் மில்லில், கோன் சுற்றுகிற பகுதியில், பக்கத்து மெஷினில் நின்றவள் சூசையம்மாள். ஆர்.சி. என்கிற கத்தோலிக்க வேதக்காரி, கைம்பெண், வாய்க்காரி. நவம்பர் மாதம் வந்ததும் அவள் லீவு கேட்டாள்.

"என்ன மதினி, விசேஷமா?"

"கல்லறைத் திருநா புள்ள. எங்க வீட்டு ஆளு கல்லறைக்கு வெள்ளையடிக்கணும், மெழுகுதிரி வைக்கணும். மாசம் பூரா பூசையில பேரு வாசிப்பாக. உசுரோட இருக்கையில அந்த மனுசன் பேரை யாரும் மதிச்சுச் சொல்லல. இப்பச் சாமியாரு வாயால வருசா வருசம் கேக்குறேன்."

தங்கச்செல்வி கையில் இருந்த நூல் அறுந்தது. முடிச்சுப் போட மறந்து நின்றாள். "செத்துப் போனவுகளுக்கா? அவுகளுக்கு நாம கேக்கலாமா?"

"கேக்காம? ஞானஸ்நானம் வாங்குன ஆத்துமா சட்டுன்னு நரகத்துக்குப் போயிராது. பாவக்கடன் தீருற வரைக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடக்கும். நாம பூசை வைக்க வைக்க ஒவ்வொரு படியா மேல ஏறும். எங்க ஆளு குடிச்ச குடிக்கு இன்னும் மூணாம் படியிலதான் நிக்கிறாருன்னு நெனைக்கேன்."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். தங்கச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷின் இரைச்சலில் சூசையம்மாளின் காதோரம் போய், "எம் மகன் ஞானஸ்நானம் வாங்கியிருக்கான் மதினி. நரிக்குடியில. நானும் பக்கத்துல நின்னேன்" என்றாள்.

"பெறகென்ன? பேரைக் குடு, நான் எழுதிப் போடுறேன்."

அந்த வாரம் அவள் பாளையம்பட்டிச் சபைக்குப் போகவில்லை. சூசையம்மாளோடு கோயிலுக்குப் போனாள். சுரூபங்களைப் பார்க்கப் பயமாக இருந்தது. விக்கிரகம் என்று பதினாலு வருஷம் கேட்ட காது. தலையைத் தூக்காமல் மாதா சுரூபத்தின் பாதத்தை மட்டும் பார்த்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். கர்த்தருடைய ஜெபத்தை எல்லோரும் சொன்னபோது இவள் வார்த்தை ஒன்று, அவர்கள் வார்த்தை ஒன்று. இவள் பரமண்டலத்தில் நிற்கையில் அவர்கள் விண்ணகத்தைத் தாண்டிப் போயிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டாள். பிறகு சாமியார் ஒரு தாளை எடுத்துப் பேர்களை வாசித்தார். பாதிக்கு மேல் அந்தோணி, சவரி, ஆரோக்கியம். நடுவில், "உதயகுமார்" என்றார். கோயில் முழுக்க, "ஆண்டவரே, இவருக்கு இளைப்பாற்றி தாரும்" என்றது.

முன்னூறு பேர் அவனுக்காகக் கேட்டார்கள். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் குனிந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் வேறெங்கும் போகவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் கடைசி பெஞ்சிலேயே இருந்தாள். புது வார்த்தையில் ஜெபத்தைப் பாடம் பண்ணினாள். ஜெபமாலையில் விரல் நகர்த்தப் பழகினாள். நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் வரிசையாகப் போகும்போது இவள் மட்டும் முழங்காலை ஒதுக்கி வழி விடுவாள். சூசையம்மாள் ஒருநாள், "எத்தனை நாளைக்கு இப்பிடிப் பந்திக்கு வந்துட்டு எலையப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்ப? வா, சாமியார்கிட்டச் சொல்லுவோம். நானே ஞானத்தாயா நிக்கேன். அதுக்காக என்னைய ஆத்தான்னு கூப்பிட்டுராத. ஒனக்கு நாலு வயசுதான் மூப்பு" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

பங்குச் சாமியார் இளவயதுக்காரர். பொறுமையாகக் கேட்டார். "ஏற்கெனவே ஞானஸ்நானம் வாங்கியிருக்கீங்களாம்மா? வாங்கியிருந்தா மறுபடி குடுக்க மாட்டோம். அப்படியே சேத்துக்கலாம். ஒண்ணே ஒண்ணு, என்ன வார்த்தை சொல்லிக் குடுத்தாங்கன்னு தெரியணும். அது ஞாபகம் இருக்குமா?"

பள்ளிக்கூடத்தில் கேள்விக்குப் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி தங்கச்செல்விக்கு முகம் மலர்ந்தது. "இருக்கு சாமி" என்று ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள்.

அவர் பேனாவை மேசையில் வைத்தார். "பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு சொல்லலையா?"

"இல்ல சாமி. எங்க சபையில அப்பிடிச் சொல்றதில்ல. இயேசு நாமம் மட்டுந்தான்."

"அப்போ அது செல்லாதும்மா. மூணு பேரையும் சொல்லித்தான் குடுக்கணும். ஒண்ணும் கவலைப்படாதீங்க. நாங்க புதுசா குடுத்திருறோம். பாஸ்காத் திருநா முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கிழமை வச்சுக்குவோம்."

வெளியே வந்ததும் சூசையம்மாள் அவள் முதுகில் தட்டினாள். தங்கச்செல்வி சிரித்தாள். பஸ்ஸுக்கு நிற்கும்போதும் சிரிப்பு இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து டிக்கெட் வாங்கினாள். வண்டி நகர்ந்த பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது. அதே கண்மாய், அதே கை, அதே வார்த்தை. தனக்குச் செல்லாதென்றால் அவனுக்கு?

தனக்கு மறுபடி ஊற்ற ஆள் இருக்கிறது. அவனுக்கு யார் ஊற்றுவது?

இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனது. கண்டக்டர் சத்தம் போட்ட பிறகுதான் இறங்கினாள்.

வீட்டில் செல்லப்பாண்டியிடம் பாதியைச் சொன்னாள். மறுபடி ஞானஸ்நானம் வாங்க வேண்டியிருக்கிறது என்று மட்டும். அவர் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டே, "இன்னொருக்காலா? போன தடவை முங்குனது காயிறதுக்குள்ளயா? ஏ புள்ள, நான் பொங்கலுக்குப் பொங்கல் ஆட்டைக் குளிப்பாட்டுறேன். நீ அதையவிட மோசமா இருக்கியே" என்றார். அவள் உள்ளே போனாள்.

இரண்டு நாள் கழித்துப் பாளையம்பட்டிக்குப் போனாள். பாஸ்டர் ஐயாத்துரை தலை நரைத்துப் போயிருந்தார். சபையை விட்டு ஓடியவள் என்று முகம் திருப்பவில்லை. நாற்காலி எடுத்துப் போட்டார்.

"ஐயா, அன்னைக்கு நரிக்குடியில பிதா, குமாரன், ஆவின்னு மனசுக்குள்ளயாச்சும் சொன்னீங்களா?"

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "அவங்க கேக்கச் சொன்னாங்களா? சிஸ்டர், நான் அப்போஸ்தலர் குடுத்தபடி குடுத்தேன். அதுதான் சரியான ஞானஸ்நானம். நீங்க இனி வாங்கப்போறதுதான் செல்லாது. தலையில ரெண்டு சொட்டுத் தெளிச்சா அதுக்குப் பேரு ஞானஸ்நானமா?"

"அப்ப எம் மகன் வாங்குனது செல்லுமாய்யா?"

"செல்லும்! ஏன் செல்லாது?" என்று வேகமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, குரலை இறக்கினார். "வாங்குனதை அவன் காத்துக்கலையே சிஸ்டர். நான் என்ன செய்ய?"

திரும்பி வரும் வழியெல்லாம் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். இங்கே அவன் முங்கிய தண்ணீர் செல்லும், ஆனால் அவனுக்காக வாய் திறக்க ஆளில்லை. அங்கே வாய் திறக்க முன்னூறு பேர் இருக்கிறார்கள், ஆனால் தண்ணீர் செல்லாது. அந்தத் தண்ணீரையும் இந்த முன்னூறு பேரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்க அவளுக்கு வழி தெரியவில்லை.

சனிக்கிழமை ஷிப்டு முடிந்ததும் தனியாகச் சாமியாரிடம் போனாள். கேட்கவே கூச்சமாக இருந்தது. அறை வாசலில் கால் மணி நேரம் நின்று, அவராகப் பார்த்துக் கூப்பிட்ட பிறகு, மகன் வாங்கினதும் செல்லாதா என்று கேட்டாள்.

அவர் பதறிப்போனார். இதை யோசிக்காமல் விட்டோமே என்கிற பதற்றம். "அம்மா, உக்காருங்க. பேரு வாசிக்கிறதை யாரும் நிறுத்தப்போறதில்ல. யாருக்காக வேணும்னாலும் பூசை வைக்கலாம். அப்புறம், தண்ணி கெடைக்காம செத்தவங்களுக்கும் திருச்சபை வழி சொல்லுது. மனசார ஆசைப்பட்டிருந்தாலே போதும். அந்த ஆசையவே கடவுள் ஞானஸ்நானமா எடுத்துக்குவாரு. உங்க மகன் ஆசைப்பட்டுத்தானே அம்புட்டுத் தூரம் போயி முங்கினான்? தப்பு அந்த வார்த்தையில. அவன்கிட்ட இல்லையே?"

தங்கச்செல்வி தலையை ஆட்டினாள். ஆமாம் என்று ஆட்டினாளா, இல்லை என்று ஆட்டினாளா என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

உதயகுமார் ஆசைப்படவில்லை. "எனக்கு இதெல்லாம் வேணாம்மா. நீ முங்கு, நான் கரையில நின்னு துண்டு தாரேன்" என்றுதான் சொன்னான். பெயர் கொடுத்தது அவள். அவன் வரமாட்டேன் என்றதும் மூன்று நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் படுத்துக்கொண்டாள். உபவாசம் என்று பேர். மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் பயந்துபோய், "சரி, வாரேன், எந்திரி" என்றான். கண்மாயிலிருந்து ஏறி வந்து, காதில் புகுந்த தண்ணீரைத் தட்டிக்கொண்டே அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "இப்பச் சாப்பிடுறியா?"

"சாமி, நான் பாவசங்கீர்த்தனம் பண்ணணும். ஒரு பாவத்தைச் சொல்லணும்" என்றாள்.

"இப்ப முடியாதும்மா. ஞானஸ்நானம் வாங்குன பெறகுதான் பாவசங்கீர்த்தனம். அதுவும் இப்ப உங்களுக்குத் தேவைப்படாது. ஞானஸ்நானத்துலயே எல்லாப் பாவமும் கழுவிப் போயிரும். சொல்றதுக்கே மிச்சம் இருக்காது."

நல்ல சேதியாகத்தான் அவர் சொன்னார். அவனைக் கட்டாயப்படுத்திய பாவம் சொல்லாமலே கழுவிப் போய்விடுமா? அது போய்விட்டால் அவனுக்காகப் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? அவனுக்கென்று அவளிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு பாவம்தான்.

"பாவசங்கீர்த்தனமா இல்லாட்டி பரவாயில்ல சாமி. சும்மா கேளுங்க" என்று நடந்ததைச் சொன்னாள். மூன்று நாள் பட்டினியையும், அவன் கேட்ட கேள்வியையும் சொன்னாள். சொல்லும்போது அழவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

சாமியார் எழுந்து ஜன்னலைத் திறந்தார். திரும்ப வந்து உட்கார்ந்தார். "அம்மாவுக்காக ஒரு பையன் தண்ணிக்குள்ள எறங்குனது கடவுளுக்குப் பிடிக்காம போகாதுன்னு நான் நெனைக்கிறேன்" என்றார்.

"நெனைக்கிறீகளா, தெரியுமா சாமி?"

"தெரியாதும்மா. தெரியும்னு சொன்னா பொய். நான் பூசை வைக்கிறேன். எனக்குத் தெரிஞ்சது அதுதான்."

அவள் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் அவளைக் கூப்பிட்டபோது எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதமானது. சூசையம்மாள் முழங்கையால் இடித்தாள். போகாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இருந்துவிட்டால், அவனோடு வெளியே நின்றது போலவாவது இருக்கும். ஆனால் வெளியே நின்று அவனுக்கு என்ன செய்துவிட முடியும் என்று யோசித்தாள். ஒன்றும் தோன்றவில்லை. உள்ளே போய் என்ன செய்துவிட முடியும் என்பதும் தோன்றவில்லை. கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எழுந்து போய் ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் தலையைக் குனிந்தாள்.

தந்தை, மகன், தூய ஆவியார் என்று மூன்று பேரையும் சொல்லி மூன்று தடவை ஊற்றினார். சுத்தமான தண்ணீர். கழுத்து வழியாக இறங்கி முதுகு நனைந்தது. கை தட்டினார்கள். நற்கருணை வரிசையில் முதல் ஆளாக அவளை நிறுத்தினார்கள். சூசையம்மாள் கட்டிப்பிடித்து அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்து, தன் தலையில் இருந்த மல்லிகையில் பாதியைக் கிள்ளி அவள் கொண்டையில் சொருகினாள். தங்கச்செல்வி தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது செல்லப்பாண்டி ஆடுகளை அவிழ்த்துவிடப் போய்க்கொண்டிருந்தார். பூவைப் பார்த்தார். பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

"முடிஞ்சிருச்சா?"

"ம்."

"எத்தனை கொடம் ஊத்துனாக?"

"ஒரு சொம்பு இருக்கும்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அடக்கம் முடிந்த நாளிலிருந்து மகனைப் பற்றி அவராக ஒரு வார்த்தை எடுத்தவரில்லை.

"அப்பப் பயலுக்கு?" என்றார்.

பாதிதான் சொல்லியிருந்தாள். மீதியை அவராகவே எப்போது கண்டுபிடித்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சாமியாருக்குத் தெரியலையாம்."

"பாளையம்பட்டிக்காரரு?"

"அவரு தெரியும்ங்கிறாரு. அது நல்லதா இல்ல."

செல்லப்பாண்டி கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றினார், பிரித்தார். "ஒனக்கு என்ன தோணுது?"

"எனக்கு ஒண்ணும் தோணலைங்க."

அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். தங்கச்செல்வி வாசல் வெயிலில் உட்கார்ந்து, பூவை எடுத்து மடியில் வைத்துவிட்டு, ஈரம் காய்வதற்காகக் கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.